தாத்தா ஏறியது ராஜேந்திர சோழனா, கோதாவரியா?

பேரணாம்பட்டுக்காரன்

எங்கள் வீட்டில் இரண்டு வாரமாக ஒரு வழக்கு ஓடுகிறது. தாத்தா தோல் வியாபாரி. 1979-ல் சரக்கு விஷயமாக பம்பாய் போய், அங்கிருந்து ஏர் இந்தியாவில் பிராங்பேர்ட் போனார். தான் ஏறிய விமானத்தின் பெயர் ராஜேந்திர சோழன் என்கிறார். மாமா ஒத்துக்கொள்வதில்லை. அவர் 1984-ல் துபாய்க்கு வேலைக்குப் போனவர். "ஏர் இந்தியா விமானத்துக்கு ஆத்துப் பேர்தான் வைப்பாங்க, நான் போனது கோதாவரி. மாமனாருக்கு வயசாயிடுச்சு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். தாத்தா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் காலத்தில் அவர்களிடம் என்னென்ன விமானம் இருந்தது, இன்று என்ன இருக்கிறது, பெயர் வைத்தது உண்மைதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிரியாணிக்குக் கூடுவார்கள், அதற்குள் தீர்ப்பு வேண்டும்.

காட்பாடி சக்கரம்

தம்பி, இரண்டு பேருமே சரி. தாத்தாவை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

மீனம்பாக்கத்தில் விமானச் சக்கரமும் பிரேக்கும் கழற்றி மாட்டும் வேலையில் 31 வருடம் இருந்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், எல்லார் விமானத்துக்கும் அடியில் படுத்திருக்கிறேன். இப்போது காந்தி நகரில் ஓய்வு. எங்களைப் போன்றவர்களுக்கு விமானம் என்றால் முகம் கிடையாது, கால்தான். தாத்தாவிடம் கேளுங்கள்: உள்ளே மாடிக்குப் போக ஒரு படிக்கட்டு இருந்ததா? அது நேர்ப்படியா, சுருள்படியா?

சுருள் என்று சொன்னால் அது போயிங் 747-200, ஜம்போ என்பார்கள். ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ 1971-ல் வந்தது, பெயர் பேரரசர் அசோகர். அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் ராஜாக்கள் பெயர்தான்: ஷாஜகான், ராஜேந்திர சோழன், விக்கிரமாதித்தன், அக்பர், சந்திரகுப்தர், கனிஷ்கர், கிருஷ்ணதேவராயர். பிற்பாடு மகேந்திரவர்மன்கூட வந்தார். மூக்குப் பக்கம் பெயர் எழுதியிருக்கும். ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் அரண்மனை வளைவு போல சிவப்பில் வரைந்திருப்பார்கள். இரவில் உள்ளே விளக்கெரிய அது நகர்ந்து வரும்போது மாளிகை ஒன்று உருண்டு வருகிற மாதிரி இருக்கும்.

ஆற்றுப் பெயர்கள் ஏர்பஸ் ஏ300-க்கு வைத்தவை. கங்கா, கோதாவரி, காவேரி என மூன்று. அவை வந்ததே 1982-ல். 1986-லிருந்து வந்த ஏ310-களுக்கும் யமுனா, சரஸ்வதி, நர்மதா என்று ஆறுகள். ஆகவே 1984-ல் போன மாமாவுக்குக் கோதாவரி. 1979-ல் போன தாத்தாவுக்கு அந்த ஆறு இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

ஆம்பூர் வாசி

அப்படியானால் ராஜாக்களுக்கு முன்னால்? 747-க்கு முன் என்ன ஓட்டினார்கள்?

காட்பாடி சக்கரம்

மலைகள். 1960-லிருந்து வந்த போயிங் 707-களுக்கு நந்தாதேவி, அன்னபூர்ணா, கஞ்சன்ஜங்கா என்று சிகரங்களின் பெயர். அந்த 707-களை வைத்துத்தான் 1962-ல் பங்கா (சுழலும் புரொப்பெல்லர்) இல்லாத, முழுக்க ஜெட்டே ஓடும் கம்பெனி ஆனார்கள். அதற்கும் முன்னால் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன், பங்கா வைத்தது, நாலு எஞ்சின். 'மலபார் பிரின்சஸ்' 1948 ஜூன் 8-ல் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டன் போனது. அதே விமானம் 1950 நவம்பரில் ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையில் மோதியது. 1966 ஜனவரியில் கஞ்சன்ஜங்காவும் அதே மலையில் போய் மோதியது, அணு விஞ்ஞானி ஹோமி பாபா அதில்தான் இறந்தார். மலையின் பெயர் வைத்த விமானம் வேறொரு மலையில் போய் முடிந்தது. இதைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் பழைய ஃபோர்மேன் டீயைக் கீழே வைத்துவிடுவார்.

இன்னும் பின்னால் போனால் 1932. ஏர் இந்தியாவுக்கு விதையான கம்பெனியை டாடா ஆரம்பித்தபோது இருந்தவை பஸ் மாத் ரகத்தில் இரண்டே சிறு விமானங்கள். இரண்டு சக்கரம், வாலுக்குக் கீழே ஒரு கட்டை, அவ்வளவுதான். அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகத் தபாலைப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மதராசுக்கு ஓட்டிவந்தார். வரைபடத்தில் பெல்லாரிக்கும் மதராசுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பாருங்கள், திருப்பதியை ஒட்டிப் போகும். 1911 வரை திருப்பதி நம் வட ஆற்காடு ஜில்லாதான். இருபத்தொரு வருடத்தில் நழுவவிட்டுவிட்டோம், இல்லையென்றால் அந்தத் தபால் நம் தலைக்கு மேலே போனது என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

வாலாஜா டயர்

ஐயா, நான் லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறை வைத்திருக்கிறேன். விமான டயருக்கு எத்தனை பாயிண்ட் காத்து?

காட்பாடி சக்கரம்

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்!

ஜம்போவுக்கு 200 பாயிண்ட் பக்கம். சாதாரணக் காற்று கிடையாது, நைட்ரஜன். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன், ஈரம் எல்லாம் இருக்கும். மேலே உறைகிற குளிர், கீழே இறங்கிப் பிரேக் பிடித்தால் கொதிக்கிற சூடு, இரண்டையும் ஒரே டயர் தாங்க வேண்டும். சக்கரத்தில் சின்னதாக ஒரு பிளக் இருக்கும். பிரேக் சூடு அளவுக்கு மீறினால் அதன் நடுவில் இருக்கும் உலோகம் உருகி, காற்று சீராக வெளியேறிவிடும். டயர் வெடிக்காது. புதுப் பையன் ஒருவன் அந்த பிளக்கைத் திருகாணி என்று நினைத்து ஸ்பேனர் போடப் போனான். நான் போட்ட சத்தம் ஓடுபாதை வரைக்கும் கேட்டிருக்கும்.

உங்கள் பட்டறையில் செய்வதுபோலத்தான், மேல் ரப்பர் தேய்ந்தால் அதை மட்டும் புதுப்பித்து அதே டயரைப் பல தடவை ஓட்டுவார்கள்.

பறக்கும்போது கால் உள்ளே போய்விடும், தரையில் நிற்கும்போது எண்ணலாம். 747-க்கு மொத்தம் 18 சக்கரம். 777-க்கு 14. 787-க்கும் ஏ350-900-க்கும் பத்துப் பத்து. 707-க்கும் பத்துதான். எண்ணிக்கையில் தாத்தா காலத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரக்கோணத்து மாடி

ஏ320-க்கு ஆறு சக்கரம்தானே? நான் சின்ன வயதில் சென்னையில் பார்த்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320-க்குப் பத்து இருந்தது. நண்பன் நம்ப மாட்டேன் என்கிறான்.

இங்கே ராஜாளி கடற்படைத் தளத்தில் இருக்கும் பி-8ஐ ரோந்து விமானம், போயிங் 737-ன் உடம்புதான். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் பயணிகள் விமானம் வழிதவறி வந்த மாதிரியே இருக்கும். முன்பு இருந்த ரஷ்ய துபலேவ் விமானம் 2017-ல் ஓய்வு பெற்றது. அது போனால் அலமாரியில் டம்ளர் ஆடும்.

காட்பாடி சக்கரம்

பத்தேதான். நண்பரிடம் பந்தயம் கட்டியிருந்தால் வாங்கிவிடுங்கள். 1989-லிருந்து இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கிய ஏ320-களுக்கு மட்டும் ஒவ்வொரு பக்கமும் இரண்டுக்குப் பதில் நான்கு சக்கரம். நம் ஊர் ஓடுபாதைகள் அன்று அவ்வளவு கனத்தைத் தாங்காது என்று பாரத்தைப் பிரித்துவிட்டார்கள். 2007-ல் இரண்டு கம்பெனியும் ஒன்றானபோது அவையும் ஏர் இந்தியாவுக்கு வந்தன. கூடுதல் சக்கரம் என்றால் எங்களுக்குக் கூடுதல் முதுகுவலி. ஆனாலும் எனக்குப் பிடித்த விமானம் அதுதான்.

தம்பி இன்றைய நிலவரம் கேட்டிருந்தார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடி டாடா கைக்குப் போனது. 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தார்கள், 250 ஏர்பஸ், 220 போயிங். முதல் ஏ350 அந்த வருடக் கடைசியில் வந்தது. 2024 நவம்பரில் விஸ்தாரா விமானக் கம்பெனியும் இதோடு சேர்ந்தது. இப்போது ஓடுவது 777, 787, ஏ350, ஏ320 குடும்பம். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் 737-களும் உண்டு. ஜம்போக்கள் போய்விட்டன. நான்கு எஞ்சினுக்கு எரிபொருள் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை. 2024 ஏப்ரலில் கடைசியாகப் பம்பாயை விட்டுக் கிளம்பிய 747-400 மேலே ஏறியதும் இறக்கையை இரண்டு பக்கமும் சாய்த்துக் காட்டிவிட்டுப் போனது. அதன் பெயர் ஆக்ரா. அந்த வரிசையில் தஞ்சாவூர்கூட ஒன்று இருந்தது.

1985-ல் அயர்லாந்து அருகே குண்டு வைத்துத் தகர்த்ததை இன்றும் விமானத்தின் பெயரால் 'கனிஷ்கா' என்றுதான் சொல்கிறோம். 2025 ஜூனில் அகமதாபாத்தில் விழுந்ததை வெறும் பயண எண்ணால் '171' என்கிறோம்.

ஆம்பூர் வாசி

கடைசியாக ஒன்று. இதில் எது நம்ம வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்கு வரும்?

காட்பாடி சக்கரம்

அங்கே திட்டம் போட்டிருப்பதே இருபது பேர் உட்காரும் சின்ன விமானத்துக்குத்தான். அதுவரை காட்பாடி ஸ்டேஷனில் சீட்டு வாங்கி ஜன்னலோரம் உட்காருங்கள்.

பேரணாம்பட்டுக்காரன்

ஐயா, கேட்டுவிட்டேன். படிக்கட்டு எப்படி இருந்தது என்றதும் தாத்தா வாயைத் திறக்கவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கி காற்றில் இரண்டு சுற்று சுற்றிக் காட்டினார். அப்புறம், "மேல ஏற விடல, ஃபர்ஸ்ட் கிளாஸ்காரங்களுக்கு மட்டும்னு சொல்லிட்டாங்க" என்றார். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கோபம் போகவில்லை.

மாமா இப்போது வேறு பக்கம் போய்விட்டார். ஜம்போதான், சரி, ஆனால் அது ராஜேந்திர சோழன்தான் என்று எப்படிச் சொல்வது, அக்பராகவும் இருக்கலாமே என்கிறார்.

காட்பாடி சக்கரம்

இருக்கலாம். டிக்கெட்டில் விமானத்தின் பெயர் போட மாட்டார்கள். ஆனால் அக்பரில் ஏறியவர் சோழன் என்று ஏன் சொல்லப் போகிறார்? பிரியாணியில் லெக் பீஸ் தாத்தாவுக்கு.