மறு: வினவல் விடைகளைக் ‘கேஷ்’ செய்தல் – தமிழ்ச்சொல் வேண்டும்

அன்புடையீர்,

ஜாங்கோ (பைத்தான் மொழியில் வலைச்செயலி எழுத உதவும் சட்டகம்) ஆவணத்தின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், ‘கேஷ்’ (cache), அதாவது ஒரே வினவலைத் தரவுத்தளத்திடம் மீண்டும் கேட்காதபடி அதன் விடையின் படியை எடுத்து வைக்கும் இடம், என்பதற்கு இதுவரை வந்த பரிந்துரைகளுக்குச் சற்று விரிவாகவே மறுமொழி எழுதுகிறேன்.

> ‘தற்காலிக நினைவகம்’ பழகிய சொல், அதையே கொள்வோம்.

பழகிய சொல்தான். ஆனால் தரவுத்தளம் தந்த விடையை மெம்கேஷ்டு, ரெடிஸ் ஆகிய நினைவகச் சேமிப்பு மென்பொருள்களில் மட்டுமல்லாமல், வட்டிலுள்ள கோப்பிலும், ஏன், தரவுத்தள அட்டவணை ஒன்றிலுமே வைக்க ஜாங்கோ இடமளிக்கிறது. கோப்பில் கிடப்பதை நினைவகம் என்று எழுதினால், படிக்கும் மாணவர் முதல் பத்தியிலேயே தவறாகப் புரிந்துகொள்வார்.

> ‘பதுக்ககம்’ நேர்ச்சொல். பிரெஞ்சு வேரும் மறைத்தலையே குறிக்கிறது.

வேர் சரியே. 1960களின் இறுதியில் ஐபிஎம் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியின் விரைவு நினைவகத்துக்கு அப்பெயர் வந்தபோது, அது நிரலரின் கண்ணில் படாமல் இயங்கியதால் பொருந்தியது. வலைச்செயலியிலோ எந்த விடையை, எந்தத் திறவியின் (விடையைத் தேடி எடுக்க உதவும் பெயரின்) கீழ், எத்தனை நொடிக்கு வைப்பது என்பதை நிரலரே எழுதுகிறார். அவர் காலம் குறிக்காவிட்டால் ஜாங்கோ 300 நொடி என்று கொள்கிறது. இதில் மறைவு எங்கே இருக்கிறது? பதுக்கல் என்றாலே கள்ளச்சந்தை நினைவுக்கு வருவதும் ஒரு தடை.

‘தேக்ககம்’ ஒலியால் இனியது. ஆயினும் அணையில் தேங்குவது ஆற்று நீரேதான். நம்மிடம் இருப்பதோ விடையின் படி மட்டுமே, மூலம் தரவுத்தளத்தில் மாறிக்கொண்டே இருக்கிறது. ‘கேஷ்’ என்றே எழுதிவிடலாம் என்போர், ரொக்கத்துக்கும் நாம் அதே எழுத்துகளைத்தான் எழுதுகிறோம் என்பதை எண்ண வேண்டுகிறேன்.

என் பரிந்துரை ‘வைப்பு’. “பெற்றான் பொருள்வைப் புழி” (குறள் 226) என்பதில் பின்னால் உதவுவதற்காகப் பொருளை வைக்கும் இடம் என்ற கருத்து அப்படியே இருக்கிறது. ‘வைப்புழி’ என்றே ஆளலாம் என்று மூத்த உறுப்பினர் எழுதியது எனக்கும் உவப்பே. ஆனால் உழி, அகம் ஆகிய இரண்டையும் நன்னூல் ஏழாம் வேற்றுமை உருபுகளின் வரிசையிலேயே வைப்பதால், இன்று வழங்கும் அகத்தைக் கொண்டு ‘வைப்பகம்’ என்பதில் இலக்கணக் குறை ஏதுமில்லை. வினையும் எளிதாகப் பிறக்கிறது: விடையை வைப்பிலிடு, வைப்பில் கிட்டியது, வைப்பில் கிட்டவில்லை. வினை தராத பெயரைக் கொண்டு ஓர் ஆவணத்தை மொழிபெயர்க்கவே முடியாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. குறித்த நேரம் கடந்து விடை நீங்குவது காலாவதி. மூல அட்டவணை மாறியதால் விடை செல்லாமற்போவது வேறு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய வினவல் வைப்பில், ஓர் அட்டவணையில் ஒரு வரிசையின் தரவு மாறினாலும் அதைத் தொட்ட விடைகள் எல்லாமே நீக்கப்பட்டன, 8.0 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். காலாவதியையும் இந்தச் செல்லாமற்போதலையும் ‘நீக்கம்’ என்ற ஒரே சொல்லால் குறித்தால் இந்த வரலாற்றைத் தமிழில் விளக்க இயலாது. பின்னதை ‘செல்லாதாக்கல்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். அதைவிடச் சுருங்கிய சொல் வேண்டும்.

வங்கிச் செயலிகளைத் தமிழாக்கும் நண்பர், வைப்புத்தொகையும் இந்த வைப்பும் ஒரே திரையில் மோதும் என்று எழுப்பிய மறுப்புக்கு என்னிடம் விடையில்லை. அவர் ‘விடைவைப்பு’ என்று நீட்டவும் இசையவில்லை. பெரும்பான்மையோர் வைப்பகத்தை ஏற்றிருப்பதால் அதையே இட்டு அனுப்புகிறேன்; அவருடைய மறுப்பைச் சொற்பட்டியலில் அச்சொல்லின் எதிரிலேயே பதிந்திருக்கிறேன். செல்லாதாக்கலுக்கு மாற்று இருந்தால் வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.