ஏழு மாதக் குழந்தைக்கு இரவுப்பால்: தொடர்வதா, நிறுத்துவதா?

செங்காந்தள்:
என் மகளுக்கு ஏழு மாதம் நிறைந்துவிட்டது. 26 வார விடுப்பும் அதன்மேல் எடுத்த விடுமுறையும் முடிந்து, தனியார் நிறுவனப் பணிக்கு அண்மையில் திரும்பினேன். பகலில் எடுத்து வைத்துவிட்டுப் போகும் பாலில் பாதியைக்கூடக் குடிப்பதில்லை; நான் வீடு திரும்பியது முதல் விடியும்வரை இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து அழுகிறாள். படுக்கும் முன் ஒரு புட்டி பால்பவுடரைக் கரைத்துக் கொடுத்துவிட்டு இரவுப்பாலை நிறுத்திவிடு என்கிறார் என் மாமியார். நிறுத்தலாமா?

தாமிரபரணி:
நிறுத்த வேண்டாம், சகோதரி. பகலில் தாயைக் காணாத பிள்ளை அந்தப் பாலை இரவில் ஈடுகட்டிக்கொள்வது வேலைக்குப் போகும் பெண்களின் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். மார்பு காலியாகக் காலியாகத்தான் பால் ஊறும். இரவில் புட்டியைக் கொடுத்துவிட்டு நீங்கள் தூங்கினால், சில வாரங்களில் பால் குறைந்து பகலுக்கு எடுத்து வைப்பதற்கும் போதாமல் போகும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு இணை உணவோடு 2 வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கோவைக்காரன்:
பரிந்துரையை நான் மறுக்கவில்லை. ஆனால் 2 வயது வரை பால் கொடுப்பது வேறு, இரவில் எழும் ஒவ்வொரு முறையும் மார்பில் போடுவது வேறு. ஏழு மாதத்தில் பருப்புச் சாதமும் மசித்த காய்கறியும் சாப்பிட்டு, எடையும் சரியாக ஏறும் பிள்ளை இரண்டு மணிக்கொரு முறை எழுவதற்குப் பசி மட்டுமே காரணமாக இருக்க முடியாது. பெரியவர்களுக்கும் தூக்கம் அவ்வப்போது லேசாகிறது; நாம் புரண்டு படுத்துக்கொள்கிறோம். மார்பில் மட்டுமே தூங்கிப் பழகிய பிள்ளைக்கு அப்படி விழிக்கும்போதெல்லாம் மார்பு வேண்டும். எங்கள் வீட்டில் படுக்கும் முன் கொடுக்கும் பாலை அரை மணி நேரம் முன்னதாக மாற்றினோம். முதல் முறை எழும்போது நான்தான் போய்த் தட்டிக் கொடுத்தேன். என்னிடம் பால் இல்லை என்பது பிள்ளைக்கு விரைவிலேயே விளங்கிவிட்டது. இரவெல்லாம் விழித்திருந்துவிட்டுக் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு அலுவலகம் போகும் தாயின் உயிரையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும்.

தாமிரபரணி:
அதே பரிந்துரையில் "குழந்தை கேட்கும்போதெல்லாம், இரவிலும் பகலிலும்" என்பதும் இருக்கிறது. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள். உங்கள் மனைவி அப்போது வீட்டில் இருந்தாரா, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாரா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. பகல் முழுவதும் பால் கிடைத்த பிள்ளையின் இரவையும் கிடைக்காத பிள்ளையின் இரவையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

கோவைக்காரன்:
வீட்டில்தான் இருந்தார், அந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியென்றால் பகலைச் சரிசெய்வதற்குத்தான் வழி சொல்ல வேண்டுமே தவிர, இரவு முழுவதையும் தாயின் தலையில் கட்டக் கூடாது. பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பாலூட்டுவதற்காக இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதே சட்டப்படி, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். எத்தனை அலுவலகங்களில் இதைக் கேட்கத் துணிகிறார்கள் என்பது வேறு கதை.

அலமேலு பாட்டி:
ஆளுக்கொரு சட்டமும் ஹார்மோனும் பேசுகிறீர்கள். அந்தப் பெண்ணின் மாமியார் சொன்ன புட்டியைப் பற்றி யாரும் முழுதாகப் பேசவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், மருமகள் தூங்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் பிள்ளையைப் படுக்க வைத்துப் புட்டியை வாயில் வைப்பது புரையேறுவதற்கும், முளைக்கிற பல் சொத்தையாவதற்கும் வழி. நன்றாகத் தூங்கும் என்று புட்டியில் ராகிக் கூழைக் கலந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் வேண்டாம். கூழைக் கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் மாலையிலேயே ஊட்டிவிடலாம். எங்கள் காலத்தில் தாய் பால் மட்டும்தான் கொடுப்பாள். தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பதும் துணி மாற்றுவதும் தூளி ஆட்டுவதும் மாமியாரோ நாத்தனாரோ பார்த்துக்கொள்வார்கள். அந்த மாமியாரிடம் புட்டியைக் கேட்காதே, பெண்ணே. பாதி ராத்திரியைக் கேள்.

தாமிரபரணி:
பாட்டி சொல்வதை அப்படியே ஏற்கிறேன், தூளியை மட்டும் தவிர. புரண்டு எழுந்து உட்கார முயலும் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு ஆள் நகரக் கூடாது. தாயின் அறையிலேயே, உறுதியான தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் நல்லது. தூக்கக் கலக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து பால் கொடுப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து; தாய் கண்ணயர்ந்தால் பிள்ளையின் முகம் மெத்தை இடுக்கில் புதைந்துவிடும்.

செங்காந்தள்:
அனைவருக்கும் நன்றி. அலுவலகத்தில் அந்த இரண்டு இடைவேளைகளைக் கேட்கப் போகிறேன். வீடு திரும்பியதும் ஒரு முறை, இரவு உணவுக்குப் பின் ஒரு முறை என்று மாலையிலேயே கூடுதலாகப் பால் கொடுத்துப் பார்க்கிறேன். நள்ளிரவுக்கு முன் எழுந்தால் கணவர் பார்த்துக்கொள்வார். அதன் பிறகு எழுந்தால் பால் கொடுப்பேன். முற்றிலும் நிறுத்தப் போவதில்லை.

கோவைக்காரன்:
கணவர் எழுந்து போகும் நாட்களில் நீங்கள் வேறு அறையில் படுத்துக்கொள்ளுங்கள். பால் வாசனை பக்கத்தில் இருக்கும்போது எந்தத் தகப்பன் தட்டிக் கொடுத்தும் பலிக்காது.

தாமிரபரணி:
நான் இதற்கு இன்னமும் உடன்படவில்லை. மாதம் ஒரு முறை எடை பாருங்கள், நாளுக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள் என்பதையும் கவனியுங்கள். இரண்டில் எது குறைந்தாலும் தகப்பன் முறையை விட்டுவிட்டு மார்பில் போடுங்கள். குழந்தை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.