டோன் குமிழ் எங்கே இருந்தது?

பெருந்துறை கம்பி:
"மலிவான ஃபஸ் பெடல் வீட்டில்தான் முழங்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்துவிட்டால் கிட்டார் இருக்கிற இடமே தெரியாது" என்று, தாம் கேட்ட ஒரு கச்சேரியை வைத்துப் பொள்ளாச்சி ஒலிமேடை நேற்று இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ஃபஸ் பெடல் என்பது கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்க, காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி. 3,000 ரூபாய்க்கு வாங்கிய பிக் மஃப் வகை ஃபஸ் பெடலைக் கோபியில் மாரியம்மன் திருவிழா மேடையிலும், ஈரோட்டில் ஒரு கல்லூரி விழாவிலும் நான் வாசித்திருக்கிறேன். அடி ஒலி, உச்ச ஒலி அளவை மாற்றும் டோன் குமிழை நடுவில் விடாமல் வலப்பக்கம் முக்கால் அளவு திருப்பி வைத்தேன். கடைசி வரிசையில் இருந்தவர்கள்கூடக் கிட்டாரைக் கேட்டதாகச் சொன்னார்கள். அவர் கேட்ட கச்சேரியில் டோன் குமிழ் எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லட்டும்.

பொள்ளாச்சி ஒலிமேடை:
தம்பி, 18 ஆண்டுகளாக, மேடை ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸருக்குப் பின்னால் நிற்பவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 82 அதிர்வு) ஒலிக்கிறது, பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. கீழ்ப்பகுதி முழுவதும் பேஸுக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம், மேற்பகுதியைச் சிம்பல் எடுத்துக்கொள்கிறது, ஆகவே கிட்டாருக்கு மிஞ்சுவது நடுப்பகுதி மட்டுமே. அந்த நடுப்பகுதியில், ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி, உங்கள் பெடல் ஒரு பள்ளம் தோண்டி வைத்திருக்கிறது, அதாவது அங்கே ஒலியைக் குறைத்துவிடுகிறது. குறைந்த சத்தத்தில் நம் காது அடி ஒலியையும் உச்ச ஒலியையும் குறைவாகவே உணரும் என்பதை ஒலி ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டிவிட்டார்கள். பள்ளத்தின் இருபுறமும் தூக்கலாக நிற்கும் அடி ஒலியும் உச்ச ஒலியும் அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. அதனால்தான் அறையில் தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம் குறையாகத் தெரியாமல் செழுமையாகத் தெரிகிறது. மேடையில் அது பள்ளம்தான்.

பெருந்துறை கம்பி:
பள்ளம் இருப்பதை நான் மறுக்கவே இல்லை. குமிழ் நடுவில் இருக்கும்போதுதான் அந்தப் பள்ளம் ஆழமாகிறது, பக்கவாட்டில் திருப்பினால் அது குறைந்துவிடுகிறது. டோன் குமிழ் எங்கே இருந்தது?

கோபி பேஸ்:
அந்த மாரியம்மன் மேடையில் பேஸ் வாசித்தவன் நான். பெருந்துறைக்காரர் தம் ஆம்பின் (கிட்டார் ஒலிபெருக்கியின்) சத்தத்தை ஏற்றிய ஏற்றத்தில், என் கை எந்தக் கம்பியில் இருக்கிறது என்பதே எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் எந்தப் பெடலும் கேட்கத்தான் செய்யும். அன்று இரவு நான் கேட்டுக்கொண்டும் அவர் குறைக்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்து அந்தக் கச்சேரியையே சான்றாகக் கொண்டு வருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெருந்துறை கம்பி:
அன்று மேடையில் வாசிப்பவர்களுக்குத் தங்கள் ஒலி கேட்க வைக்கும் மானிட்டர் சரியில்லை என்பது உங்களுக்கும் தெரியும், அண்ணா. அதை இங்கே இழுக்க வேண்டாம். நான் கேட்டது டோன் குமிழைப் பற்றி.

ஊத்துக்குளி பட்டறை:
பெடல்களைப் பிரித்துப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிக் மஃப் 1969-இல் வந்த சுற்று; நான்கு டிரான்சிஸ்டர், மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே டோன் பகுதி, அவ்வளவுதான். 20,000 ரூபாய்க்கு விற்கும் அதே வகைப் பெடலைத் திறந்தாலும் அதே டோன் பகுதிதான், அதே பள்ளம்தான். பெட்டியும் குமிழும் பிளக்கும் உறுதியாக இருக்கும் என்பதற்காக விலை கூடுகிறது. எனவே "மலிவான" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பேசுவதே நியாயம்.

பொள்ளாச்சி ஒலிமேடை:
விலையைப் பற்றிப் பட்டறைக்காரர் எனக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போன பொங்கலுக்கு அவர் பற்றவைத்துக் கொடுத்த கேபிள் இரண்டாம் பாட்டிலேயே விட்டுப்போனதை நான் இன்னும் மறக்கவில்லை. தம்பிக்கு மறுபடியும் சொல்கிறேன்: குமிழை வலப்பக்கம் திருப்பினால் பள்ளம் மறையும், ஆனால் போன நடுப்பகுதி திரும்பி வராது; அடி ஒலி கழிந்து உச்ச ஒலி மட்டும் நிற்கும், அதுவும் சிம்பலோடு போய் மோதும். நடுப்பகுதி வேண்டுமென்றால் 720 ஹெர்ட்ஸ் அருகே தூக்கிக் கொடுக்கும் டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலைப் பின்னால் இணைக்க வேண்டும். அப்படி இன்னொரு பெடல் வாங்கிய பிறகு முதல் பெடலை மலிவு என்று எப்படிச் சொல்வது? ஃபஸ் என்பதே கிட்டாரின் ஏற்ற இறக்கத்தை நசுக்கி ஒரே கனத்தில் நிறுத்துகிற கருவி. விரலின் அழுத்தம் அதில் தொலைந்துவிடுவதால், ஒலி கூட்டத்திலிருந்து எழுந்து நிற்க அதிர்வெண் ஒன்றே துணை. இதை நான் நூறு மேடைகளில் கண்டிருக்கிறேன்.

ஊத்துக்குளி பட்டறை:
கேபிள் விட்டுப்போனது சாலிடரால் அல்ல. சுருட்டத் தெரியாமல் முறுக்கி வைத்ததால். அதை அன்றே நேரில் சொன்னேன்.

பெருந்துறை கம்பி:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குமிழைத் திருப்பத் தெரியாதவர் வாசித்ததைக் கேட்டுவிட்டுப் பெடலைக் குறை சொல்லக் கூடாது. மூன்றாம் முறையாகக் கேட்கிறேன்: டோன் குமிழ் எங்கே இருந்தது?

பொள்ளாச்சி ஒலிமேடை:
மேடையிலிருந்து 60 அடி தள்ளி மிக்ஸரில் நின்றேன். கிட்டார் கேட்கவில்லை. மக்கள் நிற்கும் இடத்தில் கேட்காத கருவிக்குக் குமிழ் எங்கே இருந்தால் என்ன?

பெருந்துறை கம்பி:
60 அடி தள்ளி நின்றவர் குமிழைப் பார்த்திருக்கவே முடியாது. இதைத்தான் நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கோபி பேஸ்:
ஆம்பின் வால்யூம் குமிழ் எங்கே இருந்தது என்பதையும் பெருந்துறைக்காரர் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். அது எனக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நான் பார்த்தேன்.