புதுப்பிப்பு: எல்சாட் 147-இலிருந்து 161

நான்கு மாதம் முன்பு கேட்டிருந்தேன்: முதல் எல்சாட்டில் (அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) 147, பயிற்சி வகுப்புக்குப் பணமில்லை, தனியாகப் படித்து ஏற்ற முடியுமா என்று. நேற்று மதிப்பெண் வந்தது. 161! கண் கலங்கிவிட்டது.

பழைய வினாத்தாள்களை எழுதித் தள்ளுவதை நிறுத்தியதுதான் திருப்பம். வாரம் ஒரே ஒரு முழுத்தேர்வு. அப்புறம் விடையைப் பார்க்காமல், சந்தேகப்பட்ட கேள்விகளை நேரக் கணக்கின்றி மறுபடி போட்டேன். அப்போதும் தப்பாக வந்தால் விஷயமே புரியவில்லை என்று அர்த்தம். சரியாக வந்தால் அவசரம்தான் காரணம்.

என் பெரிய ஓட்டை, வாதத்துக்கு அவசியமான அனுமானத்தைக் கேட்கும் கேள்விகள். ஒவ்வொரு விடையையும் மறுத்துப் பார்ப்பேன். எதை மறுத்தால் வாதம் இடிந்து விழுகிறதோ அதுதான் விடை. ஆனால் ‘சிலர் வருவார்கள்’ என்பதன் மறுப்பு ‘சிலர் வரமாட்டார்கள்’ அல்ல, ‘ஒருவரும் வரமாட்டார்கள்’. இதை நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்.

வாசிப்புப் பகுதி அவ்வளவாக ஏறவில்லை. 35 நிமிடத்தில் நான்காவது உரைக்கு வரும்போது மூச்சு வாங்குகிறது. தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடவில்லை.

பழைய புத்தகம் வாங்குபவர்கள் கவனியுங்கள்: 2024 ஆகஸ்ட் முதல் லாஜிக் கேம்ஸ் (தர்க்கப் புதிர்கள்) பகுதி கிடையாது.