தேர்வு எழுதாமல் படிப்பது படிப்பாகுமா?

கணக்குப்பிள்ளை:
பொழுதுபோக்காக இலவச இணையப் பாடங்களைப் படிப்போர், எத்தனை பாடங்களில் சேர்ந்தோம் என்று சொல்கிறார்களே தவிர, எதை முடித்தோம் என்று சொல்வதில்லை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் சேரக் கட்டணம் இல்லை. ஆயிரம் ரூபாய் கட்டினால், மையத்துக்கு நேரில் சென்று தேர்வும் எழுதலாம். பணத்தைக் கட்டினால்தான் வாராந்தரப் பயிற்சிகளைக் கெடுவுக்குள் அனுப்பும் ஒழுங்கு வரும் என்பது என் கருத்து. 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 பயிற்சிகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75 என்று வைத்திருப்பதால், ஓரிரு வாரம் தவறினாலும் நட்டமில்லை. காணொளி மட்டும் பார்ப்பதைப் படிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரவுப்பறவை:
ஐயா, வேலைக்கோ பதவி உயர்வுக்கோ அல்லாமல் ஆசைக்குப் படிப்பவர் எதற்காகக் கெடுவுக்குக் கட்டுப்பட வேண்டும்? 2012இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தார்கள்; தேறியவர்கள் 7,157 பேர். இணையப் படிப்பின் தோல்விக்குச் சான்றாக இந்தக் கணக்கைக் காட்டாதவர் இல்லை. தமக்குத் தேவைப்பட்ட பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறைவோடு விலகியவரும் அதில் தேறாதவர்தான். நூலகத்தில் ஒரே ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நூலைத் திருப்பி வைப்பவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லையே!

எம்ஐடியின் திறந்த பாடத்தளத்தில் உள்ள பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணிதக் காணொளி விரிவுரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் விரிவுரையில் இரண்டு சமன்பாடுகளை வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளாக வரைகிறார். பிறகு அதே சமன்பாடுகளை நெடுவரிசைத் திசையன்களின் கூட்டலாகவும் வரைந்து காட்டுகிறார். பள்ளியில் வழிமுறையை மட்டும் மனப்பாடம் செய்த எனக்கு, அந்தக் கரும்பலகை கொடுத்த தெளிவை எந்த மதிப்பெண் பட்டியலும் கொடுத்ததில்லை.

கணக்குப்பிள்ளை:
அதே தளத்தில் கணக்குத் தாள்களும் விடைகளும் இருக்கின்றனவே, அவற்றைப் போட்டுப் பார்த்தீர்களா? மூன்று மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தாளில் நீக்கல் முறையில் தீர்க்கும்போது ஒரு குறி மாறினாலும் விடை எங்கோ போய்விடும். ஸ்ட்ராங் தீர்ப்பதைப் பார்க்கும்போதோ எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும்.

மரத்தடி:
இருவரும் வெவ்வேறு தளங்களை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. எம்ஐடியின் திறந்த பாடத்தளத்தில் பதிவும் இல்லை, சான்றிதழும் இல்லை. கணக்குகள் மட்டும் கெடு இல்லாமல் கிடைக்கின்றன. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத்தளத்தில் பணம் கட்டாதவருக்கு மதிப்பெண் பயிற்சிகள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். அங்கே இலவசமாகப் படிப்பவரைப் பார்த்து 'ஏன் பயிற்சி செய்யவில்லை' என்று கேட்பது நியாயமன்று.

இரவுப்பறவை:
எனக்குப் பிடித்த கணக்குகளைப் போடுகிறேன், பிடிக்காதவற்றை விட்டுவிடுகிறேன். அந்த உரிமைக்காகத்தானே இந்தப் பக்கம் வந்தேன்?

கணக்குப்பிள்ளை:
பிடிக்காத கணக்கில்தான் நமக்குத் தெரியாதது இருக்கும், நண்பரே. என்பிடெலில் பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. முதல் சில வாரப் பயிற்சிகளைச் செய்து பார்த்த பிறகு பணம் கட்டுவதைப் பற்றி முடிவெடுக்கலாம். ஜூலைப் பருவத்தில் சேர்ந்து பாருங்கள்.

இரவுப்பறவை:
சேர்கிறேன், பயிற்சிகளையும் செய்கிறேன். தேர்வுக்கு மட்டும் பணம் கட்டமாட்டேன்.