‘அசென்ட்’டுக்கு என்ன சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
வணக்கம். 9, 11ஆம் வகுப்பு மாணவர்களிடம் இனப்பெருக்க நல ஆய்வு. ஆய்வில் சேரப் பெற்றோர் தரும் அனுமதி கன்சென்ட், பிள்ளை தானே தரும் சம்மதம் அசென்ட். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டிப்படி 12 முதல் 18 வயதுவரை அசென்ட் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ‘ஒப்புதல்’ என்று போட்டால் மீள்மொழிபெயர்ப்பில் (தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்க்கும்போது) இரண்டும் கன்சென்ட் ஆகிவிடுகிறது. ‘இசைவு’ சரிவருமா?

தமிழாசிரியர், திருமங்கலம்:
இசைவு பழைய சொல்தான். கல்வெட்டுகளில் ‘இசைவு தீட்டு’ வருகிறது. ஆனால் அது முழு உரிமை உள்ளவர் எழுதிக் கொடுப்பது. பிள்ளைக்கு ‘நேர்வு’ என்பேன். நன்னூலார் எண்வகை விடையில் உடன்பட்டுச் சொல்வதை ‘நேர்’ என்கிறார். அழகருக்கு நேர்ந்துகொள்கிறோமே, அதே வேர். நேர்த்திக்கடன் யாரும் வற்புறுத்தி வருவதில்லை, மனம் ஒப்பி வருவது.

ஆசிரியை, மேலூர்:
ஐயா, வேர் அருமை. ஆனால் அரசாணையிலும் சுற்றறிக்கையிலும் ‘இந்நேர்வில்’ (இந்தச் சம்பவத்தில்) என்று படித்துப் பழகியவர்கள் நாங்கள். ‘நேர்வுப் படிவம்’ என்றால் ஏதோ புகார் வந்திருக்கிறது என்றுதான் பள்ளியில் நினைப்பார்கள். ‘மாணவர் விருப்பம்’ போதாதா?

களப்பணி ஒருங்கிணைப்பாளர், உசிலம்பட்டி:
விருப்பம் வேண்டாம் அம்மா. மாதவிடாய், கருத்தடை பற்றிய ஆய்வு என்று போட்ட தாளில் ‘என் விருப்பம்’ என்று மகள் கையெழுத்திட்டிருந்தால் வீட்டில் வேறு அர்த்தம் எடுப்பார்கள். இசைவே இருக்கட்டும்.

சொல் எதுவானாலும் இரண்டையும் ஒரே தாளில் அச்சடிக்காதீர்கள். வீட்டுக்குப் போன தாளில் இரண்டு இடத்திலும் அப்பா கையெழுத்தே இருக்கும். பெற்றோர் தாள் திரும்பி வந்தபிறகு, வகுப்பாசிரியர் வெளியே போனபிறகு, மாணவர் தாளைக் கொடுங்கள். ஆசிரியர் நின்றால் ஒரு பிள்ளையும் மறுக்காது. வாசித்துக் காட்டிவிட்டு, “பாதியில் நிறுத்தலாமா?” என்று பிள்ளையிடமே கேளுங்கள். “கூடாது” என்று பதில் வந்தால் தாள் புரியவில்லை, மறுபடி விளக்குங்கள். பெற்றோர் சரியென்றாலும் பிள்ளை மாட்டேன் என்றால் விட்டுவிட வேண்டும். கையெழுத்துத் தாள் தனி உறையில், கேள்வித்தாளில் எண் மட்டும்.

மொழிபெயர்ப்பாளர், மதுரை:
அப்படியானால் ‘பெற்றோர் ஒப்புதல்’, ‘மாணவர் இசைவு’. இசைவுக்குக் கீழே பேச்சுவழக்கில் ஒரு வரி: “இதில் சேர எனக்குச் சம்மதம். எப்போது வேண்டாமென்றாலும் நிறுத்திக்கொள்வேன்.” எல்லோருக்கும் சரியென்றால் அனுப்பிவிடவா?

தமிழாசிரியர், திருமங்கலம்:
அனுப்புங்கள். ஆனால் பிள்ளை மறுத்தால் பதிவேட்டில் என்ன எழுதுவீர்கள்? ‘இசைவின்மை’ என்றால் பொருந்தாமை என்றும் படிக்கலாம். நன்னூலில் நேருக்குப் பக்கத்திலேயே ‘மறை’ (மறுத்துச் சொல்வது) இருக்கிறது.