மறுமொழி: ஐநோடுக்குத் தமிழில் என்ன? 'கோப்புச்சீட்டு' சரிவருமா?

வணக்கம். ஐநோடு என்பது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்பையும் பற்றிய விவரங்களை வட்டில் வைத்திருக்கும் குறிப்பு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> ஐநோடு = சுட்டுக்கணு. 'ஐ' இன்டெக்ஸ், 'நோடு' கணு. நேரடியாகவே வைத்துவிடலாமே?

எனக்கு உடன்பாடில்லை. அந்த 'ஐ' எதைக் குறிக்கிறது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியே உறுதியாகச் சொல்லவில்லை. இன்டெக்ஸாக இருக்கலாம் என்பது அவரது ஊகம். ஓர் எழுத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட, அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

போன வாரம் ஒரு சர்வரில் 'சாதனத்தில் இடம் இல்லை' என்று பிழை. வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டால் பாதிக்கு மேல் காலி. அரை மணி நேரம் பெரிய கோப்புகளாகத் தேடி அழித்தேன், பிழை போகவில்லை. டிஎஃப்புடன் 'ஐ' தெரிவைச் சேர்த்த பிறகுதான் ஐநோடுகள் 100% பயன்பட்டுவிட்டன என்று காட்டியது. பழைய செஷன் கோப்புகளை அழிக்க வேண்டிய, குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலை எப்போதோ நின்றுபோய், ஒரே கோப்புறையில் லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள். அழிக்கும் கட்டளையான ஆர்எம்முக்கு, எல்லாக் கோப்புகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறி கொடுத்தால், பட்டியல் மிக நீளம் என்று மறுத்துவிட்டது. கோப்பு தேடும் கட்டளையான ஃபைண்டின் 'டெலீட்' தெரிவுதான் கைகொடுத்தது.

உடனிருந்த புதியவரிடம் "ஐநோடு தீர்ந்துவிட்டது" என்றேன், விழித்தார். "ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சீட்டு உண்டு. அளவு, உரிமையாளர், அனுமதி, தரவு வட்டில் எங்கே கிடக்கிறது எல்லாம் அதில் இருக்கும். ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்யும்போதே சீட்டுகளை எண்ணி வைத்துவிடுவார்கள். வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒன்று. 100 கிகாபைட்டுக்குச் சுமார் 65 லட்சம். இப்போது இடம் இருக்கிறது, சீட்டு இல்லை" என்றதும் பிடித்துக்கொண்டார்.

ஆகவே என் முன்மொழிவு கோப்புச்சீட்டு. ஐநோடு எண்ணுக்குச் சீட்டெண்.

> சீட்டு என்றால் சீட்டாட்டம் நினைவுக்கு வருகிறதே?

தனியாக நின்றால் வரலாம். வாக்குச்சீட்டு, அனுமதிச்சீட்டு என்னும்போது யாருக்கும் அது தோன்றுவதில்லை. 'கோப்புப்பதிவு' என்று வைக்கலாமே என்றால், அதுவும் நல்ல சொல்தான். ஆனால் 'பதிவு' ஏற்கெனவே லாகுக்கு, அதாவது நிரல்கள் நடப்பதை எழுதிவைக்கும் கோப்புக்கு, போய்விட்டது. வட்டு நிறைவதைப் பற்றி எழுதினால் இரண்டும் ஒரே பத்தியில் வந்து குழப்பும்.

இன்னொன்று. கோப்பின் பெயர் சீட்டில் இல்லை, கோப்புறையில் இருக்கிறது. ஆர்எம் நீக்குவது அந்தப் பெயரைத்தான். ஓடும் நிரல் ஒன்று திறந்து வைத்திருக்கும் லாகை அழித்தால் பெயர் போய்விடும்; நிரல் அதை மூடும்வரை சீட்டும் இடமும் அப்படியே இருக்கும். கோப்புகள் பிடிக்கும் இடத்தைக் கணக்கிடும் டியூ கட்டளை பெயர் பெயராகப் போய்க் கூட்டுவதால் அதன் கணக்கில் வராது, டிஎஃப் கணக்கில் வரும். இதை 'அழித்த கோப்பு' என்பது தவறு, அது அழியவே இல்லை. 'பெயரிழந்த கோப்பு' என்போம். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குக் கூட்டல் குறியுடன் 'எல்1' கொடுத்தால் இவை வரிசையாக வந்து நிற்கும். உரிய சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவிடும்.

எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை சீட்டுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்கிறது. அங்கும் சொல் பொருந்துகிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் கையில் இருக்கும் டிஎஃப் உதவிப்பக்க மொழிபெயர்ப்பில் கோப்புச்சீட்டையே இடுகிறேன்.